கதவில் தொங்கிய துண்டு

ஓசூரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் ஒரு வழக்கம் இருந்தது. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர்கள், வாசல் கதவின் தாழ்ப்பாளில் ஒரு துண்டைத் தொங்கவிடுவார்கள். துண்டு தொங்கினால் அந்தக் கதவைத் தட்டக் கூடாது. கூரியர்காரர் வந்தாலும் சிலிண்டர் வந்தாலும் பக்கத்து வீட்டார் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சட்டம் அவ்வளவுதான். சத்தம் போடக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. சத்தத்தில் தூங்கத் தெரியாதவர்கள் ஓசூரில் பிழைக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், எதிரெதிராக இரண்டு வரிசை ஷீட் போட்ட வீடுகள், நடுவில் ஒரு சந்து, சந்தின் நடுவில் குழாய். முன்வாசலில் ஒரு லேத் பட்டறை. அதை நடத்திய அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இரும்பைக் கடைந்துகொண்டே ஊர்க்கதை பேசுவார், இரண்டுமே வெளியே கேட்கும். எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் இருந்த அக்கா வீட்டுக்குள் தெலுங்கு, சந்தில் தமிழ், காய்கறி வண்டிக்காரரோடு பேரம் பேசினால் கன்னடம். முன்பு பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டும் மிஷினில் வேலை பார்த்தவர். பிறகு வீட்டிலேயே மோட்டார் தையல் மிஷின் போட்டு, கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குத் தைத்துக் கொடுத்தார். பிரஸ் ஷாப் அவருடைய காதைக் கொஞ்சம் தின்றுவிட்டது. அதனால் அவர் ரகசியம் சொன்னால் லேத் அண்ணன் பட்டறையிலிருந்தே பதில் சொல்லுவார்.

நான் சிங்காரப்பேட்டைப் பக்கம் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. வளர்கிற வயசு, சரியாகிவிடும் என்றார்கள். காய்ச்சல் போய்விட்டது, போகும்போது இதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அது தெரிந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மைக்ரோஸ்கோப்பில் சர்க்யூட் போர்டு சரிபார்க்கும் வேலை எனக்கு. ஒருநாள் கேண்டீன் மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். பெங்களூரில் நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்தார்கள். கண் விழித்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம். பக்கத்துப் படுக்கைக்காரி கைக்கடிகாரத்தோடு படுத்திருக்கிறாள், அதைக் கொஞ்சம் கழற்றி வைக்கச் சொல்லுங்கள் என்று நர்ஸிடம் சிடுசிடுத்தேன். நர்ஸ் சிரித்துவிட்டு, என் கையை எடுத்து என் நெஞ்சிலேயே வைத்தார்.

காம்பவுண்டுக்குத் திரும்பி வந்தபோது அந்தச் சத்தம் காணாமல் போனது. லேத்தும் தையல் மிஷினும் குக்கர் விசிலும் ஹைவேயில் போகும் லாரியும் சேர்ந்து அதை விழுங்கிவிட்டன. அக்காவுக்கு எப்படியும் கேட்காது. ஆனால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து, காலையில் குழாயடியில் என்னைப் பார்த்ததும் ஒரே கேள்விதான்.

"ஓடுதா பாப்பா?"

"ஓடுதுக்கா."

பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் மாறும்போது வருகிறவர் போகிறவரிடம் கேட்பதாம் இது. ஓடுது என்றால் மிஷின் நன்றாக இருக்கிறது, ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று அர்த்தம். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்பதெல்லாம் எங்களுக்குள் கிடையாது.

ரத்தம் உறையாமல் இருக்க நான் ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரையோடும் இந்த வால்வோடும் பிள்ளை பெறுவது ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று பஸ்ஸில் நான் அழுதேன். என் கணவர் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்து, "பிடு, பாத்துக்கலாம்" என்றார். அவர் கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரர். விடு என்பது அவர் வாயில் எப்போதும் கன்னடமாகத்தான் வரும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எனக்குத் தந்த ஆறுதலெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடங்கிவிடும். கோபம் வந்தால் எனக்கு அந்த வார்த்தைதான் முதலில் எரிச்சலூட்டும், கோபம் தணிந்தால் அதுதான் வேண்டும்.

அவர் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் ரோஜா வளர்ப்பதை மேற்பார்வை பார்க்கும் வேலையில் இருந்தார். தண்டு வளைந்ததால் ஏற்றுமதிக்கு ஆகாத பூக்களைக் கட்டாகக் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு கொடுப்பார். கையளவு நீளத் தண்டோடு ரோஜா செருகிக்கொண்டு குழாயடியில் சண்டை போடும் பெண்களை நீங்கள் எங்கள் காம்பவுண்டில்தான் பார்த்திருக்க முடியும். அவருக்குக் கீழே வேலை பழகியவர்கள்கூட வெளிநாடு போய்விட்டார்கள். கடைசியில் இவருக்கும் கனடாவில், கண்ணாடிக் கூரை போட்ட ஒரு பண்ணையில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு குடியேறலாம் என்றார்கள். அந்தக் கடிதம் வந்த அன்று அவர் சாப்பிடும்போது தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

விசா வேலை பார்த்துக் கொடுத்த ஏஜென்ட் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் இருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, இனி இரண்டு பேருக்கும் மெடிக்கல் மட்டும்தான் என்றார். என் வால்வைப் பற்றிச் சொன்னோம். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மறைக்கக் கூடாது. சொல்லித்தான் ஆகணும். வைத்தியச் செலவு அவங்களுக்குப் பாரமா இருக்கும்னு தோணிட்டா, உங்க ரெண்டு பேரையுமே நிறுத்திருவாங்க. சார் மட்டும் தனியாப் போறதுன்னா வேற மாதிரி பாக்கலாம்."

"பிடு" என்றார் என் கணவர், ஏஜென்ட்டிடமே. "தனியா எல்லாம் இல்ல."

படியிறங்கும்போது, என் நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு வில்லை, இந்த மனுஷனின் வாழ்க்கையில் வந்த ஒரே நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறதே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் டீக்கடையில் நின்று, சர்க்கரை கம்மியாக ஒரு காபி வாங்கிக் கொடுத்தார்.

அக்காவிடம் சொன்னது என் தப்புதான் என்று அப்போது நினைத்தேன். அவரிடம் சொன்னால் சந்து முழுவதற்கும் சொன்ன மாதிரி. அன்று சாயங்காலமே குழாயடியில் கூட்டம் கூடிவிட்டது. "டெஸ்ட் முடியற வரைக்கும் பாப்பாவுக்கு நிம்மதி வேணும். அதிர்ச்சி ஆவாது. ஒருத்தரும் சத்தம் போடக் கூடாது" என்று அக்கா சத்தமாக உத்தரவு போட்டார். மறுநாள் காலையில் நான் கதவைத் திறந்தால், தாழ்ப்பாளில் ஒரு துண்டு தொங்குகிறது. நான் நைட் ஷிப்டே பார்க்கிறவள் இல்லை. அது அக்காவின் துண்டு, நீலக் கரை போட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். லேத் அண்ணன் நான் கம்பெனிக்குப் போன பிறகுதான் மிஷினைப் போட்டார், நான் திரும்பும் நேரத்துக்கு நிறுத்திவிட்டார். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்கள். சீரியல் பார்ப்பவர்கள் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, யார் அழுகிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். குடம் வைக்கும்போது கணீரென்று கேட்காமல் இருக்கக் குழாயடியில் கோணிச் சாக்கு விரித்தார்கள். மூன்று பாஷையில் தக்காளி கூவிக்கொண்டு வரும் ஆட்டோவை ரோட்டிலேயே நிறுத்தி, ஸ்பீக்கரை அணைக்கவைத்தார்கள். தண்ணீர் முறைக்காக இரண்டு பெண்கள் வாயே திறக்காமல் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாயை எனக்காக அவர்களே மூடிக்கொண்டார்கள். அக்காகூட மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துத் தைத்தார், முட்டி வலியோடு. காலையில் "ஓடுதா?" என்று கேட்பதையும் நிறுத்திவிட்டார். கேட்டால் நான் அதையே நினைத்துக்கொண்டிருப்பேனாம்.

முதல் நாள் எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் சிரிப்பாக இருந்தது. அப்புறம்தான் அது ஆரம்பித்தது.

வேலை விட்டு வந்து கட்டிலில் சாய்ந்தேன். டிக். என்ன என்று நிமிர்ந்தேன். டிக், டிக். ஆஸ்பத்திரி வார்டில் கேட்ட அதே சத்தம். இத்தனை வருடமாக நானே மறந்துவிட்ட சத்தம், சுவருக்குச் சுவர் கேட்கிறது. இடது பக்கம் ஒருக்களித்தால் தலையணை வழியாகக் கேட்கிறது. வாயைத் திறந்தால் வாய் வழியாகக் கேட்கிறது. கேட்க ஆரம்பித்துவிட்டால் காது அதைவிட்டு நகராது. இப்போது வேகமாக அடித்ததா, நடுவில் ஒன்றை விட்டுவிட்டதா, அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தால் பயம் வருகிறது, பயம் வந்தால் அது இன்னும் வேகமாக அடிக்கிறது. "உங்களுக்குக் கேக்குதா?" என்று அவரைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். தலையணையைத் தூக்கி இரண்டு காதையும் மூடிக்கொண்டு அவர் படுத்திருந்ததை மறுநாள் விடிகிற நேரத்தில் பார்த்தேன்.

தூக்கம் போயிற்று. மைக்ரோஸ்கோப்பில் போர்டு இரண்டாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. அதைப் பார்த்த அக்கா, நிம்மதி போதவில்லை என்று முடிவு கட்டி, குழந்தைகளையும் சந்தில் விளையாட விடாமல் துரத்திவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மிஷினை மிதிக்கிறவரிடம் போய், அக்கா உங்கள் அமைதிதான் என்னைக் கொல்கிறது என்று எப்படிச் சொல்வது? எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் வரவில்லை.

மெடிக்கலுக்குப் பெங்களூர் போனோம். அத்திப்பள்ளி தாண்டியதும் பஸ்ஸில் ஹாரன், கண்டக்டரின் விசில், யாரோ போனில் போட்ட பாட்டு. அந்த நெரிசலில் என் கணவரின் தோளில் சாய்ந்து அப்படித் தூங்கினேன். இறங்கும்போது எழுப்பித்தான் இறக்கினார். ஆனால் கிளினிக் ஏசி போட்ட, கார்ப்பெட் விரித்த, செருப்புச் சத்தம்கூடக் கேட்காத இடம். உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த பெண் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

பெண் டாக்டர். பிரஷர் பார்த்தார், மறுபடி பார்த்தார். நாடி பிடித்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். "வால்வு நல்லா வேலை செய்யுது. ஆனா பிரஷரும் நாடியும் ஏன் இப்படி இருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கன்னடத்துக்கு மாறினார். "நித்தெ பருத்தா?" தூக்கம் வருகிறதா என்று கேட்கிறார் என்பது எனக்கே புரிந்தது.

"இல்ல மேடம்" என்றேன். "வீட்ல ரொம்ப அமைதியா இருக்குது. அதான் தூக்கம் வர்ல."

அவர் பேனாவை மூடிவிட்டு என் கணவரைப் பார்த்தார். இவர் கன்னடத்தில் துண்டு, லேத், கோணிச் சாக்கு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் விளக்கினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. டாக்டர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். இந்த அளவுகளோடு ரிப்போர்ட் அனுப்பினால் எனக்கு நல்லதில்லை என்றும், இதய டாக்டரிடம் எக்கோ எடுத்துக்கொண்டு, நன்றாகத் தூங்கி எழுந்து மறுபடி வாருங்கள் என்றும் சொன்னார். இன்னொரு முறை இப்படியே இருந்தால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

காம்பவுண்டு வாசலில் எல்லோரும் எங்களுக்காக நின்றிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. லேத் நின்றிருந்தது. குழந்தைகள் சுவரோரம் கைகட்டி நின்றார்கள். சாவு வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும். அவர்கள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்க்கப் பார்க்க எனக்கு எங்கிருந்தோ பொங்கிக்கொண்டு வந்தது. நேராகப் போய்க் கதவில் தொங்கிய துண்டைப் பிடுங்கித் தரையில் போட்டேன்.

"சத்தம் போடுங்க! உங்கள யாரு வாய மூடச் சொன்னது? இந்தச் சனியன் பிடிச்ச டிக் டிக்கக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் புடிக்குது. பாஸ் ஆவல. உங்க அமைதியாலதான் பாஸ் ஆவல!"

அக்கா குனிந்து துண்டை எடுத்தார், மண்ணைத் தட்டினார், மடித்தார். "உனக்காவதான பாப்பா செஞ்சோம்" என்றார். அவருடைய வாழ்க்கையிலேயே மெதுவாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. நான் சந்தின் நடுவில் நின்றேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. லேத் அண்ணன்தான் முதலில் அசைந்தார். "என்ன தங்கச்சி, இத மொதல்லயே சொல்லப்படாதா? சத்தம்தான வேணும், அம்புட்டுதான?" என்று பட்டறைக்குள் போனார். மிஷின் உறுமியது. இரும்பு கிறீச்சிட்டது. குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, நம்பிக்கை இல்லாமல் ஒரு கத்து கத்திப் பார்த்தார்கள். யாரும் அதட்டவில்லை என்றதும் சந்தே அதிர்ந்தது. யார் வீட்டிலோ அடக்கி வைத்திருந்த குக்கர் விசில் அடித்தது. நான் உள்ளே போய்ப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் மிஷின் ஓட ஆரம்பித்தது. காலால் மிதிப்பது இல்லை, மோட்டார். கோபத்தில் தைக்கிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. நூல் அறுந்து அறுந்து நின்றது, மறுபடி படபடவென்று ஓடியது. அந்தக் கோபத்தைக் கேட்டுக்கொண்டே, சாயங்கால வெளிச்சத்தில், கதவைக்கூடச் சாத்தாமல் தூங்கிப்போனேன்.

இரண்டு நாள் அக்கா பேசவில்லை. நானும் வீம்புக்காரிதான், போகவில்லை. மூன்றாம் நாள் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் அவர் குடம். நான் என் குடத்தை எடுத்துவிட்டு அவர் குடத்தைக் குழாயடியில் வைத்தேன். கோணிச் சாக்கு போயிருந்தது, குடம் கணீரென்றது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"ஓடுதா?"

"ஓடுதுக்கா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். "அழுவாத, நெஞ்சுக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு அவரும் அழுதார். அந்த இடைவெளியில் பின்னால் நின்றவள் எங்கள் இரண்டு பேர் முறையையும் தாண்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். அதற்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட சண்டை ஹைவே வரை கேட்டிருக்கும்.

மறுபடி போனபோது நாடி ஒழுங்காக இருந்தது. எக்கோ ரிப்போர்ட்டும் நன்றாக இருந்தது. "ஈவாக மனெயல்லி ஷப்த இதெயா?" என்று டாக்டர் கேட்டார். இப்போது வீட்டில் சத்தம் இருக்கிறதா என்று. இருக்கிறது என்று என் கணவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பல வாரம் கழித்து, அவர் பாலிஹவுஸிலிருந்து மதியமே வந்துவிட்டார். கையில் வளைந்த தண்டு இல்லை, ஏற்றுமதிக்குப் போகும் நேர்த்தண்டு ரோஜா, காசு கொடுத்து வாங்கியது. விசா வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா எல்லா வீட்டுக் கதவையும் தட்டினார், உண்மையாகவே துண்டு தொங்கிய கதவையும் சேர்த்து.

இப்போது நாங்கள் இருக்கும் ஊரில் வீட்டு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. வெளியே பனி பெய்தால் அதுவும் சத்தமில்லாமல்தான் பெய்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், பார்த்தால் கையசைப்பார்கள். அவர் பண்ணை வேலையில் சந்தோஷமாக இருக்கிறார், நேர்த்தண்டோ வளைந்ததோ ஒரு பூவும் வீட்டுக்கு வருவதில்லை. சாயங்காலம் விளக்குப் போட்டதும் எனக்குக் கேட்க ஆரம்பித்துவிடும். மின்விசிறி போட்டுப் பார்த்தேன், டிவி போட்டுப் பார்த்தேன். அந்தச் சத்தமெல்லாம் ஆளில்லாத சத்தம். ஓசூரை நினைத்து ஏங்குகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். அங்கே நினைத்து ஏங்க என்ன இருக்கிறது, புகையும் லாரியும்தானே என்பார்கள். எனக்கு அந்தப் புகையும் லாரியும்தான் வேண்டும்.

எங்களுக்குச் சாயங்காலம் என்றால் அவர்களுக்கு விடிகாலை. தண்ணீர் வரும் நாளில் நான் அக்காவுக்குப் போன் போடுவேன். பேச நேரம் இருக்காது அவருக்கு. "இரு பாப்பா, தண்ணி வந்துட்டுது" என்று போனை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் இங்கே சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குடம் மோதும், யாரோ யாரையோ திட்டுவார்கள், லேத் தொடங்கும், விசில் அடிக்கும். அங்கே என் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அப்படியே மேஜையில் தலை சாய்த்துத் தூங்கியும் இருக்கிறேன்.

போன மாதம் ஒருநாள் அக்கா குடத்தோடு திரும்பி வந்து போனை எடுத்தார்.

"ஓடுதா பாப்பா?"

என்னவோ தோன்றியது. "நெஞ்சுல வெக்கறேன், நீங்களே கேளுங்கக்கா" என்று போனை எடுத்து என் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் கேக்கலையே" என்று அக்கா கத்துவது எனக்குக் கேட்டது. பிறகு அவர் திரும்பிக்கொண்டு போட்ட சத்தத்தில் போனே அதிர்ந்தது. "ஏய், எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க! குழாய நிறுத்துங்க! அண்ணா, மிஷின நிறுத்துங்க! பாப்பா போன நெஞ்சுல வெச்சிருக்குது, கேக்கணும்!"

குழாய் நின்றது. லேத் சுழன்று சுழன்று ஓய்ந்தது. ஒரு குழந்தையை யாரோ உஷ் என்று அடக்கினார்கள். தண்ணீர் வரும் நேரத்தில், அந்தச் சந்து முழுவதும், குடத்தைப் பிடித்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்குக் காது போதல, நீங்க கேளுங்க" என்று அக்கா யாரிடமோ போனைக் கொடுத்தார்.

"ஓடுது" என்றது லேத் அண்ணனின் குரல்.

"ஓடுதாம்!" என்று அக்கா காம்பவுண்டுக்கே கேட்கும்படி கத்தினார். குழாயைத் திறந்துவிட்டார்கள்.